பூட்டிய லேப்டாப்பும் அக்காவின் பழைய ஸ்கேனும்

லேப்டாப்பின் பவர் பொத்தானைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்திருந்தேன். திரையில் ஒரு நீலக் கட்டம். உள்ளே இருப்பதை எல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாமா என்று அது கேட்டுக்கொண்டிருந்தது. அம்புக்குறி 'ஆமாம்' மேல் நின்றது.

மேசை மேல் அந்துவான் மாமாவின் கைபேசி. ஸ்பீக்கரில் ஒரு குரல், "'ஆமா'வ அழுத்துங்க சார், ஒண்ணும் ஆகாது, நான்தான் லைன்ல இருக்கேனே" என்று கொஞ்சியது.

"ரெஜினா, கைய எடும்மா. அவருதான் சொல்றாரு இல்ல?" என்றார் மாமா.

"எடுக்க மாட்டேன். நீங்க மொதல்ல போன வைங்க."

"வெவரம் தெரிஞ்சவன் பேசறான்..."

"வைங்கன்றேன்!"

மாமாவிடம் நான் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். திரை கறுத்து, உள்ளே சுற்றிய விசிறி அடங்கும் வரை விரலை எடுக்கவில்லை. எடுத்தபோது விரல் நுனி வெளுத்திருந்தது.

போன வாரம் இந்தப் பத்தியில், முதலியார்பேட்டையில் டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று நான் கடை போட்ட கதையைச் சொன்னேன். அந்தக் கடையால் ஊருக்கு என்ன லாபமோ, எனக்கு ஒரு பட்டம் கிடைத்தது. சொந்தத்தில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் இருமினாலும் "ரெஜினாவைக் கூப்பிடு". அப்படிக் கூப்பிட்ட ஒரு வியாழக்கிழமையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு புள்ளி

அக்காவின் முழுப் பெயர் அமலோற்பவமேரி. கூப்பிடுவதற்கு மேரி. என்னைவிட ரொம்பப் பெரியவள், எனக்குப் பேன் பார்த்துச் சடை பின்னி வளர்த்தவள். அவள் வீட்டுக்காரர் அந்துவான் மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்போம். இரண்டு பேரும் பிரான்ஸில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி, என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு கட்டிக்கொண்டார்கள். பிள்ளைகள் இல்லை.

அக்காவுக்கு ஆஸ்துமா உண்டு. அந்த மழைக்காலத்தில் இருமல் நிற்கவே இல்லை. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தது.

டாக்டர் இளம் பெண், பொறுமைசாலி. "இது புதுசா, பழசான்னு தெரிஞ்சா பாதி கவலை தீர்ந்துடும்மா. முன்னாடி எப்பவாவது நெஞ்சு ஸ்கேன் எடுத்திருக்கீங்களா? அதுலயும் இதே அளவுல இருந்தா தொடவே வேண்டாம். பாத்துக்கிட்டு வரலாம். படம் இல்லன்னா வெள்ளிக்கிழமை காலைல ஊசி விட்டு சதை எடுத்துத்தான் பாக்கணும்" என்றார்.

"ஊசின்னா கையில போடற மாதிரியா?" என்று அக்கா கேட்டாள்.

டாக்டர் தன் விலாவைத் தொட்டுக் காட்டினார். அக்காவின் மூச்சு ஏற்கெனவே பலவீனம், ஊசி போகும்போது நுரையீரலில் காற்று இறங்கிவிடுகிற ஆபத்து கொஞ்சம் உண்டு, அதனால்தான் பழைய படத்தைக் கேட்கிறேன் என்று மறைக்காமல் சொன்னார். அக்கா தலையாட்டிக்கொண்டாள். வெளியே வந்ததும் என் முழங்கையைப் பிடித்தவள் பஸ் ஏறும் வரை விடவில்லை.

பழைய படம் இருந்தது. பிரான்ஸில் நாலைந்து வருஷம் முன்பு காய்ச்சல் விடாமல் அடித்தபோது எடுத்தது. சிடியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். "பத்திரமா வச்சிருக்கேன்" என்று மாமா மார்தட்டினார்.

காக்கா விரட்டிய சிடி

சிடி மொட்டை மாடியில் இருந்தது.

எங்கள் ஊரில் மாடியில் கருவாடு காயவைத்தால் காக்காவுக்குக் கல்யாணச் சாப்பாடு. பளபளவென்று ஏதாவது ஆடிக்கொண்டிருந்தால் கிட்டே வராது. அதனால் பழைய பாட்டு சிடிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது பல வீடுகளில் வழக்கம். மாமாவும் தொங்கவிட்டிருந்தார். கையில் கிடைத்ததை எல்லாம் கட்டியிருந்தார், அக்காவின் நெஞ்சு உட்பட.

அதைக் கழற்றி என் கையில் கொடுத்தபோது வெள்ளிப் பூச்சு செதில் செதிலாக உரிந்துவந்தது. வெயிலும் உப்புக் காற்றும் அதைத் தின்று தீர்த்திருந்தன.

"அதனால இன்னா? லேப்டாப்ல அப்பவே காப்பி பண்ணிட்டேன். பண்ணாமலா தொங்கவிடுவேன்?" என்றார்.

பட்டாளத்து ஆள், ஒழுங்கானவர்தான். பிரான்ஸ் ஆஸ்பத்திரிக்கும் மின்னஞ்சல் போட்டிருந்தார். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம் என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. ஆக, மிச்சம் இருந்தது அந்த லேப்டாப் ஒன்றுதான். அதுவும் பிரான்ஸில் வாங்கியது.

அந்த லேப்டாப் அதற்கு முந்தின வாரம்தான் ரிப்பேர் கடையில் இருந்து திரும்பியிருந்தது. சிடியைத் தின்ற அதே உப்புக் காற்று கீபோர்டையும் தின்றிருக்க, புதுக் கீபோர்டு மாற்றிக் கொடுத்திருந்தார்கள். வந்த நாளிலிருந்து மாமாவின் பாஸ்வேர்டை அது ஏற்கவில்லை.

கடைக்காரர் சொன்ன வைத்தியம் நாடறிந்தது. "ஃபார்மட் பண்ணிடலாம் சார்." பல்வலி என்று போனவனிடம் தலையை எடுத்துவிடலாம் என்ற மாதிரி. ஹார்ட் டிஸ்க்கைத் தனியாகக் கழற்றிப் படிக்கலாமே என்று கேட்டேன். இந்த மாதிரி மெஷினில் டிஸ்க்கும் சேர்ந்தே பூட்டியிருக்கும், பாஸ்வேர்ட் இல்லாமல் எடுத்தால் குப்பைதான் வரும் என்றார். அதில் அவர் பொய் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மதியம் நான் போய்ச் சேர்வதற்குள் மாமா பொறுமை இழந்து, இணையத்தில் முதலில் கண்ணில் பட்ட உதவி எண்ணைக் கூப்பிட்டிருந்தார். அந்தக் குரல்தான் நீலக் கட்டம் வரை அவரைக் கைபிடித்து அழைத்துப் போனது.

'சரியாகிவிட்டது, நன்றி'

இந்த இடத்தில் ஒரு பழைய கதை.

கல்யாணத்துக்கு முன்பு ஒரு பிரௌசிங் சென்டரில் வேலை பார்த்தேன். பிளைவுட் தடுப்பு, பச்சைத் திரை, ஏசிக் குளிரில் ஊறிய சாக்ஸ் நாற்றம். அங்கே ஒரு பிரின்டர் இருந்தது. ஒருநாள் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு மக்கர் செய்தது. முதலாளி என் முகத்தைப் பார்த்தே திட்டிக்கொண்டிருந்தார், நான் ஏதோ அதற்குச் சோறு போடாத மாதிரி.

சாயங்காலம் வரை தேடினேன். பிரின்டர் பெயரைப் போட்டால் விற்கிறவன் வந்தான். 'பழுது' என்று போட்டால் கூப்பிடு கூப்பிடு என்று போன் நம்பர் வந்தது. கடைசியில் விளக்கு எப்படிச் சிமிட்டுகிறது என்பதை அப்படியே எழுதித் தேடினேன். எந்த நாடென்றே தெரியாத ஒருத்தர் அதே மாதிரி மாட்டிக்கொண்டு அழுதிருந்தார். காகிதப் பொத்தானை விளக்கு அணையும் வரை அழுத்திப் பிடி என்று இன்னொருத்தர் சொல்லியிருந்தார். கீழே முதல் ஆள் எழுதியிருந்தார்: 'சரியாகிவிட்டது, நன்றி.'

அன்றிலிருந்து இணையத்தில் நான் தேடுவது அந்தக் கடைசி வரியைத்தான். முதலில் வருவது விளம்பரம், அதைத் தாண்டிவிடுவேன். அடுத்து வருவது ஒரே பதிலைப் பலர் காப்பியடித்தது, அதையும் தாண்டுவேன். பெரிய பச்சை டவுன்லோடு பொத்தான் இருந்தால் அந்தத் தெருப் பக்கமே போகமாட்டேன். மாட்டிக்கொண்ட ஒருவர், உதவிய ஒருவர், பிறகு வந்து நன்றி சொன்ன மனசு. இந்த மூன்றும் இருக்கிற பக்கத்தை நம்பலாம். என் கடைக்கு வருகிறவர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன். கேட்டுக்கொண்டு போய், முதல் விளம்பரத்தைத்தான் அழுத்துகிறார்கள்.

பிரெஞ்சில் கேட்ட கேள்வி

மாமாவின் லேப்டாப்பை மறுபடி உயிர்ப்பித்தேன். துடைக்கிற வேலை தொடங்கியிருந்தால் அக்காவின் படம் போனதுதான். கறுப்புத் திரை. சுற்றுகிற வட்டம். அது சுற்றிக்கொண்டே இருந்தது. மாமா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்.

பழையபடி பாஸ்வேர்ட் கேட்கிற கட்டம் வந்தது. "மாதாவே" என்றாள் அக்கா.

"மாமா, நான் பாக்கறேன், ஒரு தடவ அடிங்க" என்றேன்.

இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு, வலது ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். தவறு என்றது.

"அந்தக் கண்ணு மாதிரி இருக்குது பாருங்க, அத அழுத்தினா நீங்க அடிக்கறது தெரியும்."

"தெரிய வேணாம்."

"எனக்குத் தெரிஞ்சா இன்னா மாமா?"

"பாஸ்வேர்ட் யாருக்கும் சொல்லக் கூடாது. அது ஒழுங்கு."

மறுபடி அடித்தார். தவறு. இன்னும் ஒருமுறை. இந்தத் தடவை, கொஞ்ச நேரம் கழித்து முயலவும் என்று கதவைச் சாத்திக்கொண்டது. மணி நாலு தாண்டிவிட்டது. விடிந்தால் வெள்ளிக்கிழமை.

என் கடை லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்துத் தேடத் தொடங்கினேன். தமிழில் தேடினேன். அழகான தமிழில் ஃபார்மட் செய்யச் சொன்னார்கள். இங்கிலீஷில் தேடினேன். 'பாஸ்வேர்டை மறந்துவிட்டீர்களா' என்றே எல்லோரும் கேட்டார்கள். இவர் மறக்கவில்லையே, தெளிவாக ஞாபகம் இருக்கிறதே! ஒரு பக்கம் பாஸ்வேர்ட் இல்லாமலே திறந்து தரும் ஏதோ மென்பொருளை இறக்கச் சொன்னது. என் கை ஒரு நிமிஷம் அதன் மேல் போய்விட்டது, ஒளிக்க மாட்டேன். பயம் வந்தால் எனக்கும் புத்தி மங்கிவிடுகிறது.

அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். அவள் மூச்சில் அந்தச் சின்ன விசில் சத்தம் கேட்டது.

லேப்டாப் திரையில் இருந்ததெல்லாம் பிரெஞ்சு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரெஞ்சுக்கார மெஷினுக்கு வந்த நோயைப் பிரெஞ்சுக்காரனிடம்தானே கேட்க வேண்டும்? நான் எட்டாம் வகுப்பில் விட்ட பிரெஞ்சு, பொன்ழூர் என்ற வணக்கத்தோடு சரி.

"மாமா, உங்க பட்டாளத்து சிநேகிதர்கிட்ட கேக்கற மாதிரி பிரெஞ்சுல சொல்லுங்க. புதுக் கீபோர்டு போட்டேன், பாஸ்வேர்ட் சரிதான், ஏத்துக்க மாட்டேங்குது. அவ்ளோதான். நான் அடிக்கறேன்."

அவர் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்ல அடித்தேன். நடுவில் ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னார், அதை மட்டும் விட்டுவிட்டேன்.

தேடலின் இரண்டாவது பக்கத்தில் கிடைத்தாள் அவள். பெயர் போடாத ஒரு பெண். பிரான்ஸில் வாங்கிய லேப்டாப்போடு வேறு நாட்டுக்குப் போனவள், அங்கே கீபோர்டு மாற்றியவள், உள்ளே நுழைய முடியாமல் தவித்தவள். பலரும் அவளையும் ஃபார்மட் செய்யச் சொல்லியிருந்தார்கள். வெகு கீழே ஒருவர் சுருக்கமாக எழுதியிருந்ததை மாமா வாய்விட்டுப் படித்துத் தமிழில் சொன்னார்:

"கீபோர்டுச் சாவி மேல அச்சடிச்ச எழுத்துதான் மாறியிருக்குது. மெஷினுக்கு அது தெரியாது. அது இன்னும் பழைய பிரெஞ்சு கீபோர்டுன்னே நெனைக்குது."

அதற்குக் கீழே அந்தப் பெண்: 'திறந்துவிட்டது. அழுகிறேன். நன்றி.'

பிரெஞ்சு கீபோர்டில் சில எழுத்துகள் இடம் மாறி இருக்கும். நம் கீபோர்டில் ஏ இருக்கிற இடத்தில் அங்கே கியூ. எம் வேறு மூலையில். எண்களுக்குக்கூட ஷிஃப்டை அழுத்த வேண்டும். மாமா இந்தியச் சாவியில் ஏ என்று பார்த்து அழுத்த, மெஷின் அதைக் கியூ என்று வாங்கிக்கொண்டிருந்தது. பார்க்காமல் அடித்துப் பழகியவராக இருந்தால் விரல் தானாகப் பழைய இடத்துக்குப் போயிருக்கும். இவர் எழுத்து எழுத்தாகத் தேடி அடிக்கிறவர்.

மாமா சொன்ன பெயர்

"இப்ப சொல்லுங்க. எந்த எழுத்துக்கு எந்தச் சாவின்னு நான் பாத்து அடிக்கறேன்" என்றேன்.

"நானே அடிக்கறேன்."

பிரெஞ்சு கீபோர்டின் படத்தை என் திரையில் பெரிதாக வைத்தேன். அங்கே பார்த்து, இங்கே தேடி, நடுவில் குழம்பி அடித்தார். தவறு. காத்திருந்தோம். மறுபடி தவறு. வியர்வை மூக்கு நுனியில் சொட்டாக நின்றது. மெஷின் மறுபடி கதவைச் சாத்தியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாமா, நாளைக்கு அக்கா நெஞ்சுல ஊசி விடப்போறாங்க. உங்க ரகசியத்த வச்சுக்கிட்டு இன்னா பண்ணப்போறீங்க?"

அவர் முகம் சிவந்தது. வாசல் பக்கம் பார்த்தார். அக்கா காலி டம்ளர்களோடு அங்கேதான் நின்றிருந்தாள்.

"நீ உள்ள போ" என்றார் அவளிடம்.

"இன்னாத்துக்கு? என் நெஞ்சுதான அதுல இருக்குது. நான் போமாட்டேன்."

மாமா ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். வெளியே தூறல். கதவு திறக்கிற நேரம் வந்துவிட்டது என்று மெஷின் காட்டியது. அவர் தொண்டையைச் செருமினார்.

"அமலு" என்றார், ரொம்ப மெதுவாக. "பிரெஞ்சுல எழுதற மாதிரி, கடைசில ஓ, யூ. அப்புறம் நாங்க கல்யாணம் பண்ண வருஷம்."

இந்த மனுஷர் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. "ஏய்", "இந்தா", கோபம் வந்தால் "அடியே". கோயிலில், கல்யாண வீட்டில், பெரிய மார்க்கெட் மீன்காரிகள் முன்னால், எங்கேயும் அதேதான். அமலு என்று ஒரு பெயர் அந்த வீட்டுக்குள் இருப்பது எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்திருந்தது. டம்ளரை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். எனக்குக் கண்ணைக் கரித்தது. ஆனால் அழுதால் சாவி தெரியாது.

ஒவ்வொரு எழுத்துக்கும் படத்தைப் பார்த்து, சாவியைப் பார்த்து அடித்தேன். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு எண்களை அடித்தேன். அந்தக் கண்ணை அழுத்தி ஒருமுறை சரிபார்த்தேன். என்டர்.

திறந்தது.

மாமா எழுந்து நின்றுவிட்டார். நான் ஃபோல்டரைத் தேடினேன். அக்கா பெயரில் ஒன்று இருந்தது. உள்ளே நூற்றுக்கணக்கில் கோப்புகள், எதுவும் சாதாரணப் படமாகத் திறக்கவில்லை. அடுத்த பயம். கெட்டுப்போனதைத்தான் காப்பி செய்து வைத்திருக்கிறாரா? மருத்துவ மாணவர்கள் பேசிக்கொள்ளும் ஒரு பக்கத்தில் கேள்வியும் பதிலும் நன்றியும் இருந்தன. அவர்கள் சொன்ன இலவச மென்பொருளை அதைச் செய்தவர்களின் பக்கத்திலிருந்தே இறக்கினேன்.

சாம்பல் நிறத்தில் அக்காவின் நெஞ்சு திரையில் வந்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். வெள்ளையாக ஏதேதோ கிளை, ஏதேதோ நூல். எது புள்ளி, எது நரம்பு, ஒரு மண்ணும் புரியவில்லை.

"எங்கடி இருக்குது?" என்றாள் அக்கா.

"தெரியலக்கா."

"இல்லன்னு நெனைக்கறேன்" என்றார் மாமா. சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவருக்கே எட்டியது. அப்போது இல்லையென்றால் இப்போது புதிதாக முளைத்தது. பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு எழுந்தேன். அக்கா அன்று ராத்திரி முதல் எதுவும் சாப்பிடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை

டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மவுஸ் சக்கரத்தை உருட்ட உருட்ட அக்காவின் நெஞ்சு இரண்டு திரையிலும் மேலும் கீழும் போனது. ஓரிடத்தில் நிறுத்தினார். கிட்டே போய்ப் பார்த்தார். "வெளிய உட்காருங்க, பெரிய டாக்டர்கிட்டயும் காட்டிட்டு வரேன்" என்று எழுந்தார்.

வராந்தாவில் நிற்க இடம் இல்லை. வெளியூர் பஸ்களில் வந்தவர்கள் பாய், தூக்குவாளி, எக்ஸ்ரே உறையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் கையில் ஏற்கெனவே ஊசிக்கான குழாய் ஒட்டியிருந்தது. மாமா அணிவகுப்பில் நிற்பதுபோல் விறைப்பாக நின்றார். அவரைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. பயத்தை எல்லாம் எரிச்சலாக மாற்றிக்கொள்கிற புத்தி எனக்கு.

கதவு திறந்தது.

"இருக்கும்மா" என்றார் டாக்டர்.

அக்காவின் விரல்கள் என் கையில் இறுகின. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார்: "அப்பவே இருக்குன்னு சொல்றேன். அதே எடம், அதே அளவு. அந்தக் காய்ச்சல்ல வந்த தழும்பா இருக்கும். இத்தன வருஷத்துல கொஞ்சம்கூட வளரல. ஊசி வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவ வந்து காட்டுங்க. இப்ப வீட்டுக்குப் போங்க."

நர்ஸ் வந்து கையில் ஒட்டியிருந்ததைப் பிரித்தாள். நான் டாக்டரைப் பார்த்துக் கை கூப்பினேன்.

திரும்பிப் பார்த்தால் மாமாவைக் காணோம். அவர் கீழே இருந்தார். சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து, ஜனங்களின் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அக்கா அவர் முன்னால் போய் நின்றாள். பிறகு குனிந்து, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"எழுந்திருங்க" என்றாள். "நேத்து ராத்திரிலருந்து பச்சத்தண்ணி குடிக்கல நான். எனக்குப் பசிக்குது."